இரண்டு கோடிச் சுற்று சுற்றும் கறுப்பு வளையம்! உங்கள் கார் டயரைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

நாமக்கல் என்றால் முட்டை மட்டுமா? லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், ஊர் ஊராக சமையல் எரிவாயு கொண்டுபோகும் டேங்கர்கள், திருச்செங்கோட்டிலிருந்து ஆப்பிரிக்கா வரை போய்த் துளைபோடும் போர்வெல் வண்டிகள், சங்ககிரியின் லாரிகள்... டயரை நம்பிப் பிழைக்கும் மண் இது! இங்கே லாரி முதலாளி ஒரு டயர் வாங்கினால், எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை முறை ரீட்ரெட் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் பணத்தை எண்ணுவார். அதே வீட்டுக் காருக்கு டயர் மாற்றும்போது மட்டும் எல்லாக் கேள்வியும் ஒன்றாகச் சுருங்கிவிடும்: “நாலும் சேர்த்து எவ்வளவுங்க?” விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. பாதிக் கேள்விக்குப் பதில் டயரின் மேலேயே எழுதியிருக்கிறது!

ஒரு டயர் எத்தனை முறை சுற்றும், தெரியுமா?

185/65 R15 என்ற அளவு டயரை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட், எர்டிகா போன்ற கார்களில் வருவது. இதன் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 512 சுற்று! சேலத்திலிருந்து நாமக்கல் வரையிலான 50 கிலோமீட்டரில் 25,000 சுற்றைத் தாண்டிவிடும். 40,000 கிலோமீட்டர் ஓடி ஓய்வு பெறுவதற்குள் இரண்டு கோடிச் சுற்று! மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே நொடியில் 14 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடம் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. இத்தனை நசுங்கலையும் தாங்குவதுதான் டயரின் வேலையே.

மொத்தக் குடும்பமும் எவ்வளவு இடத்தில் நிற்கிறது?

ஆளும் சாமானும் சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் என்று வையுங்கள். ஒரு டயருக்கு 325 கிலோ. உள்ளே 32 பி.எஸ்.ஐ. காற்று. இரண்டையும் வகுத்துப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 144 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது 12-க்கு 12 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவு! அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள், டிக்கியில் மாம்பழக் கூடை எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இறங்கி வருகின்றன. பிரேக் எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் காரை நிறுத்துவது இந்தப் பரப்பு மட்டுமே!

ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம்!

185/65 R15. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம் என்ற கணக்கு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்று எண்ணுக்கு மூன்று அளவுமுறை! நடுவில் நிற்கும் R ரேடியலைக் குறிக்கிறது. பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற கட்டுமானம் அது. டயருக்குள் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்குறுக்காக ஓட, அவற்றின் மேல் எஃகுக் கம்பிப் பட்டைகள் படிந்திருக்கும். இன்றைய காரில் ஓடுவது வெறும் ரப்பர் அல்ல, ரப்பரும் நூலும் எஃகும்!

இப்போது ஒரு வேடிக்கை. ஸ்விஃப்டின் அடிப்படை மாடலுக்கு 165/80 R14, விலை கூடிய மாடலுக்கு 185/65 R15. பார்த்தால் சம்பந்தமே இல்லாத எண்கள். ஆனால் முழு விட்டத்தைக் கணக்கிட்டால் ஒன்று 620 மில்லிமீட்டர், மற்றது 622! வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். ரிம் பெரிதானால் ரப்பர் மெலிகிறது, மொத்த உயரம் மாறுவதில்லை.

கடையில் “அந்த அளவு ஸ்டாக் இல்லீங்க, இதுவும் 14 இன்ச்தானுங்க, உட்காரும்” என்று 175/65 R14-ஐக் காட்டினால்? ரிம்மில் உட்காரும்தான். ஆனால் விட்டம் 6 சதவீதம் சிறிது. ஸ்பீடோமீட்டர் உள்ளதைவிடக் கூடுதல் வேகம் காட்டும், ஓடாத தூரமும் மீட்டரில் ஏறும்! சரியான அளவு எங்கே இருக்கிறது என்றால், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஸ்டிக்கரிலோ காரோடு வந்த கையேட்டிலோ.

அகரவரிசையை மீறும் எழுத்து

அளவுக்குப் பக்கத்தில் 88T என்பதுபோல் ஒன்று இருக்கும். 88 என்றால் 88 கிலோ அல்ல! 560 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியெண். 82 என்றால் 475 கிலோ, 84 என்றால் 500 கிலோ. ஏழு பேர் ஏறும் வண்டிக்கு டயர் மாற்றும்போது இந்த எண் பழைய டயரில் இருப்பதைவிடக் குறையவே கூடாது. எழுத்து, டயர் தாங்கும் உச்ச வேகம். S என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், T என்றால் 190, U என்றால் 200. அடுத்து 210-க்கு என்ன எழுத்து? V இல்லை, H! அதற்குப் பிறகுதான் V, 240. வரிசையில் எங்கோ முன்னால் நிற்க வேண்டிய H இங்கே வந்து உட்கார்ந்திருப்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை!

பிறந்த வாரமே எழுதியிருக்கிறது!

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்த டயர். 2000-க்கு முன்பு மூன்றே இலக்கங்கள்தான். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன், ஓசோன், வெயில் எல்லாம் சேர்ந்து அதை விறைக்க வைத்து வெடிப்பு விடச் செய்யும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து, மீதி நாளெல்லாம் வாசல் வெயிலில் நிறுத்திவைக்கும் காரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) அப்படியே இருக்கும், ரப்பர் கிழவனாகியிருக்கும்! ஐந்து ஆண்டு ஆனால் ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும், பத்து ஆண்டு ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்களே சொல்லும் கணக்கு. ஆகவே கடையில் முதல் கேள்வி: “ஏனுங்கண்ணா, இது எந்த வாரத்து டயருங்க?” பக்கத்திலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் காற்றைக் குறைப்பது ஆபத்து!

“சித்திரை வெயிலுக்கு டயர் வெடிச்சிரும், ரெண்டு பாயின்ட் கம்மியா அடிங்க.” சேலம் பெட்ரோல் பங்குகளில் கேட்கும் இந்தப் பேச்சு தலைகீழ்! வெப்பம் 10 டிகிரி கூடினால் டயருக்குள் அழுத்தம் ஏறுவது ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ.தான். அதைத் தாங்கும்படிதான் டயர் செய்யப்படுகிறது. காற்று குறைந்த டயரோ ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கும். நொடிக்கு 14 நசுங்கல் என்று பார்த்தோமே, அத்தனையும் சூடாக மாறும். நேர்கோடாகப் போகும் நான்குவழிச் சாலையில், உச்சி வெயிலில், முழுக் குடும்பத்தோடு, அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரியத் தொடங்கும். பெரும்பாலும் டயரை வெடிக்க வைப்பது குறைந்த காற்றுதான்!

காற்று பார்க்க நல்ல நேரம் காலை, வண்டி எடுப்பதற்கு முன். ஓடி வந்த சூட்டில் பார்த்தால் கணக்கு தப்பும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் உங்கள் காருக்குச் சொன்னது அல்ல. கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருப்பதே உங்கள் எண். நைட்ரஜன் அடிக்கச் சொல்கிறார்களா? ஏற்கெனவே நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான்!

இரண்டு டயர் மட்டும் புதிது என்றால் முன்னாலா, பின்னாலா?

பத்தில் ஒன்பது பேர் “முன்னால்” என்பார்கள். ஸ்டியரிங்கும் இன்ஜின் இழுவையும் அங்கேதானே! ஆனால் மிஷ்லின் போன்ற நிறுவனங்கள் சொல்வது: புதுசைப் பின்னால் மாட்டுங்கள். ஏன்? ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலேட்டரில் காலைத் தளர்த்தினால் பிடி கிடைக்கும். பின் டயர் வழுக்கினாலோ வாலே சுழன்று முன்னுக்கு வந்துவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. பின்னால் ஓடிய பாதித் தேய்ந்த டயர்களை முன்னால் கொண்டுவந்துவிட்டு, புதியவற்றைப் பின்னால் போடுங்கள்!

ஒரு நொடிக்கு 12 லிட்டர்!

சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 185 மில்லிமீட்டர் அகல டயர் ஒவ்வொன்றும் ஒரே நொடியில் தன் பாதையிலிருந்து ஒதுக்க வேண்டிய தண்ணீர் 12 லிட்டர்! அந்த வேலையைச் செய்வது பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள். பள்ளத்தின் ஆழம் குறைந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், கார் இருக்காது. மோட்டார் வாகன விதிப்படி காருக்குக் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர். அளக்கக் கருவி வேண்டாம்! டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. மேடு எங்கே என்று டயரின் தோளில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு முக்கோணமாகவோ அடையாளம் இருக்கும். சட்டம் 1.6 என்றாலும், ஐப்பசி மழைக்கு முன் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

முடியும் பொட்டும்!

புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் அழகுக்கு இல்லை! அச்சில் வார்க்கும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேற நுண்துளைகள் வைத்திருப்பார்கள். அதில் புகுந்த ரப்பர்தான் அந்த முடி. மஞ்சள் பொட்டு தெரிகிறதா? டயரின் எடை குறைந்த இடம் அது. மாட்டும்போது அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங்குக்கு ஒட்டும் ஈயம் குறையும். சில டயர்களில் அம்புக்குறி இருக்கும், அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். சிலவற்றில் ‘அவுட்சைடு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். மாற்றி மாட்டிவிட்டுப் போகும் அவசரக் கைகளும் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்!

டயர் ஒரு காலத்தில் வெள்ளை!

ரப்பர் பால் வெள்ளை, அதில் செய்த ஆரம்பகால டயரும் வெளிறிய நிறம். 1898-இல் பிறந்த மிஷ்லின் பொம்மை மனிதன் இன்றும் வெள்ளையாக இருப்பது அதனால்தான். 1910-களில் கார்பன் கறுப்பு என்னும் புகைக்கரியைக் கலக்கத் தொடங்கியபோது டயர் பலமடங்கு உழைத்தது, கறுப்பும் ஆனது!

இன்னொரு ஆச்சரியம். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்து புகழ்பெற்ற ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். அவருக்கும் முன்பே, 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கந்தகமும் சூடும் சேர்த்து ரப்பரை உறுதியாக்கும் வழியை 1839-இல் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயர் 1860-இல் கடனோடு இறந்தார். அவர் பெயரில் டயர் கம்பெனி தொடங்கியது 1898-இல், வேறு ஆட்கள்!

பலூன் விற்றவர், கேபிள் செய்தவர், ஓட்டல் புத்தகம் போட்டவர்

கே.எம். மாம்மென் மாப்பிள்ளை 1946-இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கியது பொம்மை பலூன் தொழில்! 1952-இல் ரீட்ரெடிங்குக்கான ரப்பர், 1961-இல் டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரே ஒரு பங்கின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சியட் 1924-இல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தபோது செய்தது கேபிள். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் புகழ்பெற்ற மிஷ்லின் கையேடு வந்தது 1900-இல். மக்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்!

இன்று எம்.ஆர்.எஃப்.புக்கு நாமக்கல்லிலிருந்து எட்டிப்போகும் தூரத்தில், பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட், கும்மிடிப்பூண்டி அருகே தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின். டயர் செய்யும் மாநிலத்தில் இருந்துகொண்டு இரண்டு ஆண்டு பழைய ஸ்டாக்கை ஏன் வாங்க வேண்டும்?

சேலத்துக் கைகளும் ரப்பர் மரமும்

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900, போய் இறங்கியது இலங்கைக்கு! கம்பகாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். பிறகு மலாயாவில் தோட்டங்கள் பெருகின. அங்கே விடியலுக்கு முன் மரம் சீவ, கங்காணிகள் திரட்டிக் கப்பலேற்றிய தொழிலாளர்களில் திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்காரர்கள் ஏராளம். உலகம் கார் ஏறிப் பறந்ததற்குப் பின்னால் நம் ஊர்க்காரர்களின் வியர்வை இருக்கிறது!

விமானத்துக்கு ஆகும், காருக்கு ஆகாது!

லாரி டயரின் கேசிங் என்னும் உடல் நன்றாக இருந்தால், மேல் பட்டன் தேய்ந்ததும் புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டுவார்கள். அரசுப் பேருந்துகளும் அப்படித்தான் ஓடுகின்றன. விமான டயர்களும்கூடப் பலமுறை ரீட்ரெட் ஆகின்றன! காருக்கு மட்டும் வேண்டாம். கார் டயரின் உடல் மெல்லியது, அந்த நோக்கத்தில் கட்டப்பட்டதும் அல்ல. மொட்டை டயரில் பள்ளம் வெட்டிப் புதுசுபோல விற்பதும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் செகண்ட்ஸ் டயரில் வார எண்ணையும் உள்பக்க ஒட்டுகளையும் பாராமல் கைவைக்காதீர்கள்.

பஞ்சருக்கும் எல்லை உண்டு. நடுப் பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டையை உள்பக்கமிருந்து காளான் ஒட்டு போட்டு அடைக்கலாம். பக்கவாட்டில் கிழிந்தால் அந்த டயருக்கு மருந்தே இல்லை.

மலைக்குப் போகிறீர்களா?

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70! சமவெளியில் டயர் சீராகத் தேயும், மலையில் முன் டயரின் ஓரங்கள் அதிகம் தேயும். மலையேறாத காரிலும் இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடுவே மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்! மாதம் ஒருமுறை மலையேறும் குடும்பத்துக்கு ஈரப்பிடிப்பு முக்கியம். தினம் ஈரோடும் சேலமுமாக நெடுஞ்சாலையில் ஓடுபவருக்குச் சூடு தாங்குவதும் உருளும்போது இழுவை குறைவதும் முக்கியம். சில டயர்களில் வெப்பத் தாங்குதிறனுக்கு A, B, C என்று தரம் பொறித்திருக்கும். நம் வெயிலுக்கு A-வைத் தேடுங்கள்.

ஃபிரிட்ஜ் மட்டுமா, டயருக்கும் நட்சத்திரம்!

ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் தரும் பி.இ.இ. அமைப்பு டயருக்கும் தருகிறது. கார் குடிக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை டயரின் உருளல் இழுவைக்கே போகிறது என்பதால் அந்த நட்சத்திரம் பணம்! இன்னொரு நல்ல செய்தி, டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப் பட்டியலை நீட்டினால் பில்லைக் கேளுங்கள்.

உலகில் அதிக டயர் செய்வது யார்?

எம்.ஆர்.எஃப்.பும் இல்லை, மிஷ்லினும் இல்லை. லெகோ! பிள்ளைகளின் பொம்மைக் கார்களுக்காக ஆண்டுக்கு 30 கோடிக்கும் மேல் குட்டி டயர் செய்து கின்னஸில் இடம்பிடித்தது.

ஐந்தாவது டயர் இருக்கிறதா?

2020 ஜூலையில் மத்திய அரசு விதியை மாற்றியது. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் அடைக்கும் கிட் மூன்றும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை! சில புதிய கார்களின் டிக்கியில் சக்கரமே இருக்காது. சிலவற்றில் ஒல்லியான சக்கரம் இருக்கும், அதில் எழுதிய வேக வரம்பைத் தாண்டக் கூடாது. முழு ஸ்டெப்னி இருக்கும் காரிலோ, வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். காற்று இறங்கியிருக்கும், வயதும் ஆகியிருக்கும். ஆகவே நான்கு டயர் மாற்றக் கடைக்குப் போகும் அன்றே டிக்கியைத் திறந்து ஐந்தாவதின் வார எண்ணையும் படித்துவிடுங்கள். பத்தாண்டு தாண்டியிருந்தால், கேட்க வேண்டிய கேள்வி: “அஞ்சும் சேர்த்து எவ்வளவுங்க?”